இரண்டு மலைகளும் ஒரு சூரியனும்

தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்புக் குழந்தையிடம் காகிதத்தைக் கொடுத்து, உனக்குப் பிடித்ததை வரை என்று சொன்னால் பெரும்பாலும் ஒரே படம்தான் கிடைக்கும். இரண்டு முக்கோண மலைகள். நடுவில் பாதி எழுந்த சூரியன். மலை இடுக்கிலிருந்து வளைந்து இறங்கும் ஓர் ஆறு. கரையில் ஒரு குடிசை, சாய்ந்த தென்னை, வானத்தில் நாலைந்து கிறுக்கலாய்ப் பறவைகள். இந்தச் சூரியனுக்கும் தேர்தல் சின்னத்துக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. வடநாட்டுப் பள்ளிக் குழந்தைகளும் இதையேதான் வரைகிறார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் குழந்தை மலையைப் பார்த்திருக்காது. சென்னைக் குழந்தைக்குச் சூரியன் பக்கத்து அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்துதான் உதிக்கிறது. ராமநாதபுரத்துக் குழந்தைக்கு ஆறு என்றால் மணல். ஆனால் மூவரும் ஒரே மலையை, ஒரே ஆற்றை வரைகிறார்கள். ஒன்பது வயதுக்குள் மூவரும் தங்கள் கண்ணை யாரிடமோ ஒப்படைத்துவிட்டார்கள் என்றுதான் இதற்குப் பொருள். கவிதையில் நிலவும் தென்றலும் மலரும் வாய்ப்பாடாக வரிசையில் வந்து நிற்கும்போது நாம் முகம் சுளிக்கிறோம். எழுதுகிறவனுக்கு அனுபவம் இல்லை, சொற்சேர்க்கைதான் இருக்கிறது என்கிறோம். அதே நோய் கோட்டிலும் வண்ணத்திலும் வந்தால் நமக்கு அது நோயாகவே தெரிவதில்லை. 'குழந்தை அழகாக வரைகிறது' என்று சட்டம் போட்டு மாட்டுகிறோம். சொல்லின் போலியைக் கண்டுகொள்ளப் பழகிய தமிழ் வாசகனுக்குக் கோட்டின் போலி ஏன் பிடிபடவில்லை என்பதுதான் என் கேள்வி. இதற்கான விடையைத் தொடக்கப்பள்ளியிலிருந்துதான் தேடவேண்டும் என்று நினைக்கிறேன்.

*

ஒன்பது வயதில் மலை வரையும் அதே குழந்தை ஐந்து வயதில் இதை வரைந்ததில்லை. கிறுக்கலில் தொடங்கி, கிறுக்கல் ஒரு நாள் வட்டமாக மூடிக்கொள்ள, வட்டத்துக்குக் கண்கள் முளைத்து, தலையிலிருந்து நேராகக் கால்கள் இறங்கி மனிதனாகிற வளர்ச்சி எல்லா நாட்டுக் குழந்தைகளிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடக்கிறது. அமெரிக்காவில் ரோடா கெல்லாக் லட்சக்கணக்கில் குழந்தைச் சித்திரங்களைச் சேகரித்து இந்த வளர்ச்சியை வகைப்படுத்தினார். பிரான்ஸில் லூக்கே 1927லேயே இன்னொன்றைச் சொல்லிவிட்டார்: குழந்தை தான் பார்ப்பதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. பக்கவாட்டில் திரும்பிய முகத்துக்கும் இரண்டு கண் போடுகிறது, இருப்பது இரண்டு என்று தெரியும் என்பதால். பஸ்ஸுக்கு நாலு சக்கரமும் தெரியும்படி போடுகிறது. அம்மாவின் வயிற்றுக்குள் தம்பியைப் போடுகிறது.

என்னிடம் ஒரு படம் இருக்கிறது. ஏழு வயதுப் பெண் கிரேயானில் வரைந்தது. தெருக்கோடி அடிபம்பு. குடங்கள் காகிதத்தின் நாலு ஓரத்தையும் சுற்றி வரிசையாகப் போகின்றன. வரைய வரைய காகிதத்தைத் திருப்பிக்கொண்டே போயிருக்கிறாள். அதனால் மேல் ஓரத்துக் குடங்கள் தலைகீழாக இருக்கின்றன. குடத்தின் உடல் பக்கத்திலிருந்து பார்த்த உடல். வாய் மட்டும் மேலிருந்து பார்த்த முழு வட்டம். குடத்துக்கு வாய் முக்கியம், தண்ணீர் அது வழியாகத்தானே போகிறது. நடுவில் அம்மா. பம்பின் பிடியைப் பற்றிய கை அவள் உடம்பைவிட நீளம், பிடியைவிடத் தடிமன். இன்னொரு கை இல்லவே இல்லை. வேலை செய்கிற கைக்குத்தான் படத்தில் இடம். அம்மாவுக்கு முகம்கூடச் சரியாக இல்லை. ஆனால் இருபது குடத்துக்கு நடுவே ஒரு பெண் தண்ணீர் அடிக்கிற பாரம் முழுவதும் அந்தக் கையில் இருக்கிறது. படத்தின் மூலையில் சிவப்பு மையில் 'கை பெரிது' என்ற குறிப்பும், பத்துக்கு நான்கு என்ற மதிப்பெண்ணும்.

அந்த ஆசிரியையைக் குறை சொல்வது சுலபம். அவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லையே, கை பெரிதுதானே? அவருக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் அது. லோவன்ஃபெல்ட் 1947ல் எழுதிய நூலில் இப்படிப் பெரிதாவதும் விட்டுப்போவதும் குழந்தையின் அனுபவத்துக்குச் சாட்சி என்று விளக்கியிருப்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தரவேண்டிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அவரும் மலையும் சூரியனும்தான் வரைந்திருப்பார்.

ஆனால் சிவப்பு மைக்குப் பின்னால் ஆசிரியையைவிடப் பெரிய ஒரு நம்பிக்கை இருக்கிறது. தூரத்தில் இருப்பது சிறியது, ஓர் இடத்தில் நின்று ஒரு கண்ணால் பார்த்ததே உண்மை என்ற நம்பிக்கை. இது இயற்கை விதி அல்ல. ஃப்ளாரன்ஸ் நகரத்தில் உருவாகி, 1435ல் ஆல்பெர்டி எழுத்தில் வகுத்துவைத்த ஒரு சம்பிரதாயம். எகிப்தில் கி.மு. 1350 வாக்கில் நெபாமூன் என்பவரின் கல்லறைச் சுவரில் வரைந்த தோட்டத்தைப் பாருங்கள் (இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது). குளம் மேலிருந்து பார்த்த நீள்சதுரம். உள்ளே மீன்களும் வாத்துகளும் பக்கவாட்டில். ஒரு பக்கத்து மரங்கள் தரையில் படுத்துக் கிடக்கின்றன. நம் பள்ளியில் இதற்குப் பத்துக்கு மூன்று கிடைக்கலாம். அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. நம் நாயக்கர் காலச் சுவரோவியங்களில் காட்சிகள் வரிவரியாகப் போகின்றன. தூரத்தில் இருப்பவன் சிறியவன் என்ற விதி அங்கே இல்லை, முக்கியமானவன்தான் பெரியவன். கோயிலுக்குப் போகிற தமிழன் அந்தச் சுவரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. திருப்பணி என்ற பெயரில் அதன்மேல் வெள்ளையடித்தாலும் அவனுக்கு வலிப்பதில்லை. ஏழு வயதில் அவன் வரைந்த நீளக் கையைத் தவறு என்று அடித்த பேனாதான் நாற்பது வயதில் அவனைச் சுவருக்கு முன்னால் குருடாக்கி நிறுத்துகிறது.

குழந்தையும் சுவரோவியனும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அந்த ஓவியனுக்கு முன்னால் ஒரு மரபு இருந்தது, அதை அவன் தெரிந்து கையாண்டான். குழந்தைக்கு அது தானாக வாய்க்கிறது, தானாகவே போயும்விடுகிறது. பால் க்ளே 1911ல் தன் படைப்புகளுக்கு அட்டவணை போடத் தொடங்கியபோது சின்ன வயதுச் சித்திரங்களையும் அதில் சேர்த்துக்கொண்டான். 1912ல் காண்டின்ஸ்கியும் ஃப்ரான்ஸ் மார்க்கும் வெளியிட்ட நீலக் குதிரைவீரன் தொகுப்பில் குழந்தைச் சித்திரங்கள் இடம்பெற்றன. இதையெல்லாம் படித்துவிட்டு, குழந்தை ஒவ்வொன்றும் கலைஞன் என்று உருகுகிறவர்கள் உண்டு. க்ளேயின் கோடு எளிமைக்குத் திரும்பிப் போன கோடு. திரும்பிப் போவதற்கு முதலில் வெளியே வந்திருக்க வேண்டும். குழந்தையைக் கலைஞனாக்கிக் கும்பிடுவதும் அதற்குச் சிவப்பு மை போடுவதும், இரண்டுமே அதன் படத்தைப் பார்க்காமல் இருப்பதற்கான வழிகள்.

*

கரும்பலகையில் மாம்பழம் வரைந்து, 'இதைப் பார்த்துப் போடுங்கள்' என்று சொல்கிற வழக்கம் எங்கிருந்து வந்தது? இது நம்முடையது அல்ல. 1852க்குப் பிறகு இங்கிலாந்தில் ஹென்றி கோல் தலைமையில் உருவான கலைக்கல்வி முறை சௌத் கென்ஸிங்டன் முறை என்று பெயர் பெற்றது. தொழிற்சாலைக்கு அலங்காரம் வரையத் தெரிந்த கைகள் தேவைப்பட்டன. நேர்கோடு, வளைகோடு, அச்சடித்த உருவரையைப் பார்த்து நகலெடுத்தல் என்று இருபத்துமூன்று படிகளாக ஒரு பாடத்திட்டம். நகல் எவ்வளவு சுத்தம் என்பதே தேர்ச்சி. அந்த முறை கப்பலேறி இங்கேயும் வந்தது. அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850ல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி ஒரு நூற்றாண்டுக்குப் பின் பணிக்கரின் காலத்தில் நவீன ஓவியத்துக்கு இடம் கொடுத்து, 1966ல் சோழமண்டலம் பிறக்கவும் காரணமாயிற்று. ஆனால் பள்ளிக்கூட டிராயிங் வகுப்புக்கு அந்தக் காற்று வந்து சேரவில்லை. அங்கே லோயர், ஹயர் பரீட்சைகள் நீடித்தன. ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங் என்று பெயர்கள்கூட மாறவில்லை. ஹென்றி கோலுக்காவது ஒரு தொழிற்சாலை மனத்தில் இருந்தது. நம் கரும்பலகை மாம்பழத்துக்கு முன்னால் தொழிற்சாலையும் இல்லை, மாம்பழமும் இல்லை.

டிராயிங் மாஸ்டரைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். அவரை நாம் கேலிச் சித்திரமாகவே நினைவு வைத்திருக்கிறோம். வாரத்துக்கு ஓரிரு பீரியட். கணக்கு வாத்தியார் வராத அன்று அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டு விழாவுக்கு பானர், அதிகாரி வருகைக்கு வரவேற்புப் பலகை, தினமும் வண்ணச் சாக்பீஸில் ஒரு குறள். பள்ளி அவரிடம் எதிர்பார்த்தது இவ்வளவே. அவரும் ஒரு காலத்தில் கண்ணிருந்த மனிதராகத்தான் இருந்திருப்பார்.

தொடக்கப்பள்ளிக்கு அவர்கூட இல்லை. 2009ன் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில், குழந்தைகள் நூறு பேருக்கு மேல் இருந்தால், ஓவியத்துக்குப் பகுதிநேர ஆசிரியர் ஒருவரை விதிக்கிறது. அதன்படி தமிழக அரசு 2012ல் நியமித்தவர்களுக்குக் கொடுத்தது மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை அந்த ஏற்பாடும் இல்லை. ஐந்து வயதிலிருந்து ஒன்பது வயதுவரை, கோடு உயிரோடு இருக்கும் காலத்தில், அதைப் பார்க்க ஆள் கிடையாது. பதினொரு வயதில், 'எனக்கு வரைய வராது' என்று குழந்தை சொல்லக் கற்றுக்கொண்ட பிறகு, காரியம் செய்ய ஒருவரை அரைநாள் கூலிக்கு அனுப்புகிறோம்.

*

அப்படியானால் குழந்தையைச் சும்மா விட்டுவிடு, அது பாட்டுக்கு வரையட்டும் என்று ஒரு கட்சி உண்டு. இதன் ஆதிகுரு வியன்னாவில் 1897ல் சிறுவர் வகுப்பு தொடங்கிய ஃப்ரான்ஸ் சிஸெக். தான் கற்பிப்பதில்லை, மூடியைத் திறந்துவிடுவது மட்டுமே தன் வேலை என்ற நிலை அவருடையது. அவர் செய்த நன்மை பெரிது. குழந்தையின் படத்துக்கு அதற்கே உரிய நியாயம் உண்டு என்று உலகத்தை ஒப்புக்கொள்ள வைத்தார். ஆனால் அந்த வகுப்பின் படங்களைப் புத்தகங்களில் பார்க்கும்போது எனக்கு உறுத்துகிற ஒன்று உண்டு. அவற்றில் பல அந்தக் காலத்து வியன்னா அலங்கார ஓவியம் போலவே இருக்கின்றன. மூடியைத் திறந்த கை தன் ரேகையைப் பாத்திரத்தில் விட்டிருக்கிறது. கற்பிக்காமல் இருப்பது என்று ஒன்று கிடையாது. ஆசிரியர் ஒதுங்கி நின்றால் அந்த இடத்துக்கு வேறொன்று வரும்.

நம்மிடம் எது வந்தது என்பது வெளிப்படை. 1949ல் கேலிச்சித்திரக்காரர் சங்கர் தில்லியில் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி தொடங்கியபோது அது நல்ல காரியம். இன்று துணிக்கடைக்கு ஒரு போட்டி, வங்கிக்கு ஒரு போட்டி. தலைப்பும் அவர்களே தருகிறார்கள். புவி வெப்பம் என்றால் கண்ணீர் விடும் பூமி உருண்டை. மரம் வளர்ப்போம் என்றால் இரண்டு உள்ளங்கையில் ஒரு செடி. இதற்கென்றே சனி, ஞாயிறுகளில் டியூஷன் இருக்கிறது, பரிசு வாங்கிய படங்களைப் பார்த்துப் பழகுவதற்கு. மலையும் சூரியனும் போய் உருண்டையும் கண்ணீரும் வந்திருப்பதை முன்னேற்றம் என்று சொல்லலாமா? பள்ளிச் சுவரைப் பாருங்கள். ஒப்பந்தக்காரர் வரைந்த தொலைக்காட்சிப் பொம்மைகளும் பழங்களும். குழந்தைக்காகக் கட்டிய கட்டடத்தில் குழந்தை வரைந்த ஒரு கோடு இருக்காது.

இந்த இரண்டு கட்சிக்கும் வெளியே நின்ற ஒருவராக எனக்குப் படுவது இங்கிலாந்தின் மேரியன் ரிச்சர்ட்ஸன். டட்லி என்ற தொழில் நகரத்தில் 1912 முதல் பெண்கள் பள்ளியில் ஓவியம் கற்பித்தவர். அவர் மாதிரி எதையும் வைக்கவில்லை, சும்மாவும் விடவில்லை. குழந்தைகளைக் கண்ணை மூடச் சொல்லி ஒரு காட்சியைப் பேச்சால் விவரிப்பார். விளக்கு வெளிச்சத்தில் ஒரு கடை, மழைக்குப் பின் ஒரு தெரு என்பதுபோல. மனசுக்குள் அந்தப் படம் தெளிந்த பிறகுதான் தூரிகையைத் தொடவேண்டும். 1917ல் ராஜர் ஃப்ரை அந்தப் படங்களைப் பார்த்து அசந்துபோய் லண்டனில் தன் ஒமேகா கூடத்தில் காட்சிக்கு வைத்தார். 1930ல் ரிச்சர்ட்ஸன் லண்டன் கவுண்டி கவுன்சிலின் ஆய்வாளராகிச் சாதாரணப் பள்ளிகளுக்கும் இதைக் கொண்டுபோனார்.

இதில் நம் காரியத்துக்கு ஆகிற விஷயம், இதைச் செய்ய ஆசிரியருக்கு வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது. சொல்லத் தெரிந்தால் போதும். கதை சொல்லிப் பழகிய நாட்டில், ஈராசிரியர் பள்ளியில், எந்த டீச்சரும் நேற்றுச் சந்தையில் பார்த்ததைக் குழந்தைகளிடம் சொல்லலாம். அவர் சொல்லும் சொல் வாய்ப்பாடாக இருந்தால் படமும் வாய்ப்பாடாகும் என்பது வேறு விஷயம். அங்கேதான் மொழிப் பாடமும் சித்திரப் பாடமும் ஒன்றாகின்றன. இந்தியாவிலும் இந்தத் திசையில் நடந்தவர் இருந்தார். சாந்திநிகேதனில் படித்து, 1940களிலிருந்து சேவாகிராமத்துப் பள்ளியில் ஓவியம் கற்பித்த தேவி பிரசாத், கலையைக் கல்விக்கு அடிப்படையாக வைத்துப் புத்தகமே எழுதினார். தமிழில் அதைப் பற்றி எத்தனை பேர் பேசியிருக்கிறோம்?

*

நகலெடுப்பதே பாவமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு ஐரோப்பாவிடம் போகவேண்டாம், வாசலுக்கு வந்தால் போதும்.

ஆறு வயதுப் பெண் கோலம் போடக் கற்பதும் நகல்தான். அம்மா போட்டதைப் பார்த்துப் போடுகிறாள். ஆனால் அவளுக்குக் கிடைப்பது ஓர் உருவம் மட்டுமல்ல, ஒரு விதியும் சேர்ந்து கிடைக்கிறது. நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். சிக்குக் கோலம் என்றால் கோடு புள்ளியைத் தொடாமல் வளைத்துக்கொண்டு போய், புறப்பட்ட இடத்துக்கே வந்து மூடவேண்டும். ஐந்து புள்ளிக்கு இந்த விதி கைவந்தால் ஏழு புள்ளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கொஞ்ச நாளில் அம்மாவுக்குத் தெரியாத கோலத்தை அவள் போடுவாள். 1970களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் சேர்ந்தவர்களும் கோலத்தை ஓர் இலக்கணமாக எடுத்து ஆராய்ந்தார்கள். கணினி அறிவியலில் அது ஒரு துறைக்கே வித்தாயிற்று. கரும்பலகை மாம்பழத்திலிருந்து என்ன இலக்கணம் எடுக்க முடியும்? அதைக் கற்ற குழந்தைக்கு வாழைப்பழம் வராது. அதற்கு இன்னொரு நகல் வேண்டும்.

கோலத்தில் பிழை வந்தால் காலால் அழித்துவிட்டு மேலே போகலாம். யாரும் மதிப்பெண் போடுவதில்லை. மத்தியானத்துக்குள் மிதிபட்டுப் போய்விடும், மறுநாள் காலை திரும்பவும் தரை காத்திருக்கும். தினமும் ஒரு புதுத் தரை என்பது எந்த ஓவியப் பள்ளியும் தர முடியாத வசதி. இதை நான் புனிதமாக்க விரும்பவில்லை. கோலம் பெண்குழந்தைக்கு மட்டும் என்று வைத்தோம். இப்போது ஸ்டிக்கர் வாங்கி ஒட்டுகிறோம். தவிர, கோலம் உலகத்தைப் பார்ப்பதில்லை. அடிபம்பின் நீளக் கைக்கு அதில் இடம் கிடையாது. ஆனால் கற்பித்தல் என்றால் என்ன என்பதற்கு அது சாட்சி: பெருகக்கூடிய ஒரு விதியைக் கொடுத்துவிட்டு விலகுவது. குழந்தைக்குப் பார்க்கவும் இப்படி விதி கொடுக்கலாம். ஓர் இலையை மேல்பக்கம், அடிப்பக்கம், வெளிச்சத்தில் பிடித்து என்று மூன்று தடவை வரை. உன் வீட்டிலிருந்து பள்ளிவரை வழியை ஒரே கோட்டில் போடு. எது கனமோ அதைப் பெரிதாகப் போடு. இந்த விதிகளுக்கு நாற்பது குழந்தைகள் நாற்பது விடை தருவார்கள், அத்தனையும் சரியாக இருக்கும்.

*

வாய்ப்பு வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2007ல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகள் முழுவதற்கும் வந்தது. வகுப்பறைச் சுவரின் கீழ்ப்பகுதியில், தரையில் உட்கார்ந்த குழந்தைக்கு எட்டும் உயரத்தில், கரும்பலகை ஓடியது. தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டினார்கள், குழந்தைகள் செய்ததைத் தொங்கவிட. குழந்தைக்கென்று சுவரில் இடம் ஒதுக்கிய ஏற்பாடு அது. நான் பார்த்த பள்ளிகளின் பந்தலில் தொங்கியவை பெரும்பாலும் அச்சடித்த உருவரைக்குள் கோடு தாண்டாமல் வண்ணம் நிரப்பிய தாள்கள். கிளி பச்சை, மூக்கு சிவப்பு. இடம் கொடுக்க முடிந்தது, அந்த இடத்தில் எதைப் பார்க்கவேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை.

இதற்கு அரசை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. எழுபதுகளில் ஆதிமூலம், பாஸ்கரன் போன்றவர்களின் கோடுகள் சிறுபத்திரிகை அட்டைகளுக்கு வந்தன. இரண்டு உலகங்கள் சந்தித்த காலம் என்று இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். அட்டையைப் புரட்டிவிட்டுக் கவிதைக்குப் போனவர்கள்தான் நம்மில் அதிகம். வணிகப் பத்திரிகையின் பொம்மைப் படத்தைத் திட்டுகிற இலக்கியவாதி தன் குழந்தையை டிராயிங் கிளாஸுக்கு அனுப்புகிறான், கையெழுத்து நன்றாக வரும், கவனம் குவியும் என்று காரணம் சொல்லி. பரிசுக் கோப்பையை அலமாரியில் வைக்கிறான். ஓவியம் வேறு எதற்கோ பயன்பட்டால்தான் அவனுக்கும் ஓவியம்.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவுமில்லை. எல்லாக் குழந்தைகளும் ஓவியர்களாக வேண்டும் என்பதும் இல்லை. எல்லோரும் கவிஞர்களாவதற்காகவா எழுத்துக் கற்பிக்கிறோம்? பழைய செய்தித்தாள், சிமெண்டுப் பையின் உள்பக்கம், அடுப்புக்கரி, செங்கல் துண்டு, சுண்ணாம்பு போதும். வாரத்தில் ஒரு மணி நேரம், மதிப்பெண் இல்லாமல், தலைப்பு இல்லாமல், கரும்பலகையில் மாதிரி இல்லாமல். ஆசிரியர் செய்யவேண்டியது குழந்தை வரைந்து முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து 'இங்கே என்ன நடக்கிறது?' என்று கேட்பது; பதில் வரும்வரை காத்திருப்பது. நாளை பெரியவனாகி ஒரு கவிதையையோ கோயில் சுவரையோ தன் தெருவையோ பார்க்கும்போது அதே கேள்வியைத் தானே கேட்டுக்கொள்ள அவனுக்கு வரவேண்டும். அது வராத சமூகத்தில் இப்படி ஒரு பத்திரிகையை யாருக்காக நடத்துகிறோம் என்பதையும் சேர்த்தே யோசிக்கலாம்.